ரெண்டாவது கொட்டப் பத்தி யாரும் சொல்லல

எங்க தோட்டத்துப் புள்ளைங்களுக்கு விஞ்ஞானிங்களப் பத்திச் சொல்லிக் குடுக்குறோம்னு பதுளையிலருந்து ஒரு வேன்ல வந்து எறங்கினாங்க. அந்த வேன நெனச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது.

நான் வேலை செய்றது புள்ளக்காம்பராவுல. லுணுகலைக்கு மேல இருக்கு எங்க தோட்டம். தாய்மாருங்க கொழுந்து எடுக்க மலைக்குப் போறப்ப கைப்புள்ளைங்கள எங்ககிட்டதான் விட்டுட்டுப் போவாங்க. பள்ளிக்கூடம் விட்டதும் பெரிய புள்ளைங்களும் அங்கதான் வந்து விழும், அம்மா வர்ற வரைக்கும். நான் எட்டாம் வகுப்போட நின்னவ. இதுல எழுத்துப் பிழை இருந்தா இருக்கட்டும். பிழையில்லாம எழுதத் தெரிஞ்சவங்க யாரும் இத எழுதல. அதனாலதான் நான் எழுத வேண்டியிருக்கு.

எங்கம்மா செத்துப் பத்து மாசம் ஆகுது. கொளவி கொட்டிச் செத்தாங்க. பேப்பர்ல ரெண்டு வரி வந்துச்சு. அதுலயும் வயசப் பிழையாப் போட்டிருந்தாங்க.

ஆனா அது மொதக் கொட்டு இல்ல. அதுக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே அம்மாவ ஒருக்கா கொளவி கொட்டுச்சு. கழுத்துல ஒண்ணு, காதுக்குப் பின்னாடி ஒண்ணு. ரெண்டே ரெண்டுதான். வீட்டுக்கு வந்தப்ப ஒதடு வீங்கி, மேலெல்லாம் தடிப்புத் தடிப்பா இருந்துச்சு. தொண்டைய யாரோ புடிக்கிற மாதிரி இருக்குன்னாங்க. வாந்தியும் எடுத்தாங்க. தோட்டத்து டிஸ்பென்சரியில ரெண்டு குளிசை குடுத்தாங்க. சாயங்காலம் எல்லாம் வடிஞ்சிருச்சு. கொட்டின எடத்துல நான் சுண்ணாம்பு தடவிக்கிட்டே சொன்னேன், "பரவால்லம்மா, ஒருக்கா வாங்கியாச்சு. இனி ஒடம்பு பழகிரும். அடுத்த தடவ கொளவிதான் ஒங்களப் பார்த்துப் பயப்படணும்."

அம்மா சிரிச்சாங்க. வீங்கின ஒதட்டோட சிரிச்சது கோணலா இருந்துச்சு.

இது நானாக் கட்டின கதை இல்ல. எங்க மலையில எல்லாரும் சொல்றது. மொதக் கொட்டுக்குக் காய்ச்சல் வரும், ரெண்டாவதுக்கு அரிக்கும், மூணாவது எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்னு சொல்வாங்க. கொழுந்து ஒடிக்கிற வெரலு காய்ச்சுப் போற மாதிரி ஒடம்பும் கொளவிக்குக் காய்ச்சுப் போகும்னு நம்புறாங்க. தேயிலக் கம்பு கீறும், அட்டை கடிக்கும், மழை கொட்டும், குளிரு ஆட்டும். எல்லாத்துக்கும் பழகின சனம் நாங்க. பழகினாத்தான் மலையில நிக்க முடியும். கொளவியையும் அந்தக் கணக்குலயே சேர்த்துட்டோம்.

ரெண்டாவது தடவ கொளவி கெளம்பினப்ப எல்லாரும் கொழுந்துப் பைய வீசிட்டு ஓடினாங்களாம். எங்க லயத்துல பக்கத்து வீட்டு அக்கா, தண்ணி போற கான்ல கால் மாட்டி விழுந்துட்டாங்க. ஓடின எங்கம்மா திரும்பிப் போயி அவங்களத் தூக்கி விட்டிருக்காங்க. "நீ ஓடு புள்ள, எனக்குப் பழகிருச்சு, என் மக சொல்லியிருக்கா"ன்னு சொன்னாங்களாம். எழவு வீட்டுல வச்சு அக்காதான் எங்கிட்டச் சொல்லி அழுதாங்க. எனக்கு ஆறுதலா இருக்கும்னு நெனச்சுச் சொன்னாங்க. அத நான் எங்க கொண்டு போயி வைக்கிறது? சோத்த வாயில வைக்கிறப்பவும் அதுதான் கேக்குது.

அக்காவுக்கு எட்டுப் பத்துக் கொட்டு. அம்மாவுக்கு மூணு. ரெண்டு பேரையும் கொழுந்து லொறியில ஏத்தினாங்க. அக்கா லொறியில வாந்தி எடுத்து, மேலெல்லாம் தடிச்சு, மயங்கிக் கெடந்தாங்க. ஆஸ்பத்திரியில வச்சுக் காப்பாத்திட்டாங்க. எங்கம்மாவுக்கு வழியிலயே மூச்சு நின்னுருச்சு.

அங்க இருந்த டாக்டர் மிஸ் என்னையக் கூப்பிட்டுக் கேட்டாங்க. என்னைய விட நாலஞ்சு வயசுதான் கூட இருக்கும்.

"இதுக்கு முன்னாடி கொட்டியிருக்கா?"

"ஆமா மிஸ்."

"அப்ப மேலெல்லாம் தடிச்சுதா? தொண்டை அடைச்சுதா?"

"ஆமா."

"அப்பவே இங்க வந்திருக்கணும்மா. ஒருக்கா அப்படி வந்த ஆளுக்கு அடுத்த கொட்டு உசுருக்கே ஆபத்து. யாரும் சொல்லலயா?"

யாரும் சொல்லல. நான்தான் சொன்னேன், அதுக்கு நேர் எதிரா.

அக்கா நாலு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தாங்க. கிளினிக்குக்கு வரச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு குடுத்து விட்டிருந்தாங்க. அக்கா அத மாவு டின்னுக்கு அடியில வச்சாங்க, அத்தோட சரி. அடுத்த கிழமையே கொழுந்துப் பையத் தூக்கிட்டாங்க. நான் மறிச்சுக் கேட்டேன்.

"அக்கா, கிளினிக்குக்குப் போகலயா?"

"எதுக்கு? பத்துக் கொட்டு வாங்கியும் நிக்கிறேன்ல? எனக்கு நல்லாப் பழகிருச்சு தங்கச்சி."

"அது பழகாதுக்கா. டாக்டர் மிஸ் சொன்னாங்க."

"ஒங்கம்மாவுக்கு விதி அப்படி. அதுக்காக என்னைய வந்து பயமுறுத்துவியா? போ புள்ள, நேரமாச்சு."

எங்கம்மா செத்ததே இவங்களத் தூக்கப் போயித்தான். இவங்களும் அதே மலைக்கு அதே நெனப்போட போறாங்க. கூடு எரிச்சாங்க, ஒரு மாசத்துல பக்கத்து மரத்துல திரும்பக் கட்டிருச்சு. அக்காவுக்கு ஒரே ஒரு புள்ள, அஞ்சாம் வகுப்புப் படிக்கிறா. பள்ளிக்கூடம் விட்டு நேரா எங்கிட்ட வருவா. புள்ளக்காம்பராவுலருந்து பார்த்தா மேல மலை தெரியும். அந்தப் புள்ள எழுதிக்கிட்டு இருக்கும், திடீர்னு நிமிந்து மலையப் பார்க்கும், கை மட்டும் எழுதிக்கிட்டே இருக்கும். நானும் அப்படித்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

இந்த நேரத்துலதான் அந்த வேன் வந்துச்சு. ஒரு சார், ஒரு மிஸ், ஒரு கேமராத் தம்பி. ஒவ்வொரு சனிக்கிழமையும் புள்ளக்காம்பராவுல வச்சுப் புள்ளைங்களுக்கு வகுப்பு. சார் மைக்கப் புடிச்சுச் சொன்னாரு, "பழைய ஆளுங்களப் பத்தித்தான் புத்தகத்துல இருக்கே. நாங்க கொண்டு வந்திருக்கிறது இந்தக் காலத்து விஞ்ஞானிங்க. இப்பவும் உசுரோட வேலை செய்றவங்க." எங்க பத்தடிக் காம்பராவுக்கு மைக் எதுக்குன்னு தெரியல. ஆனா மெய்யாச் சொல்றேன், எனக்கு அன்னைக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பெட்டியத் தொறந்து அட்டையா எடுத்து அடுக்கினாரு. பளபளன்னு படம். ஒரு அட்டையில ஒரு பொம்பள, எங்க சித்தி மாதிரியே கறுப்பா, பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டு. நட்சத்திரத்தப் பத்தி ஆராய்ச்சி பண்றாங்களாம். அந்த அட்டைய நான் ரெண்டு தடவ கையில வாங்கிப் பார்த்தேன்.

அட்டையத் திருப்பினா பேரு, பொறந்த நாடு, படிச்ச எடம், வாங்குன பரிசு. நாலு வரிதான். அந்த நாலு வரியப் பாடமாக்கணும், அதுதான் வகுப்பு.

புள்ளைங்க சும்மா இருக்குமா? கேட்டுச்சுங்க.

"சார், இவங்க காலையில எத்தன மணிக்கு வேலைக்குப் போவாங்க? இவங்களுக்கும் பெரட்டு இருக்கா?"

காலையில மலைக்குப் போறதுக்கு முன்னாடி கங்காணி எல்லாரையும் நிறுத்தி ஆள் பார்க்கிறதத்தான் பெரட்டுன்னு சொல்வோம். புள்ளைங்களுக்கு வேலைன்னா அதுதான்.

சார் சிரிச்சாரு. "விஞ்ஞானிக்கு ஏது பெரட்டு!"

"அப்ப யாரு சார் வேலை சொல்லுவா?"

"நட்சத்திரத்த எப்படி சார் தொடுறது? ஏணி வைப்பாங்களா?"

"பிழையாக் கண்டுபுடிச்சா யாரு சார் ஏசுவாங்க?"

இந்தக் கேள்விய எங்க மூணாம் வகுப்புக் குட்டி ஒண்ணு கேட்டுச்சு. எனக்கே பதில் தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. சார் சொன்னாரு, "அதெல்லாம் ஒங்களுக்கு வேணாம். பேரச் சொல்லுங்க பார்ப்போம்." புள்ளைங்க எல்லாம் சேர்ந்து கத்துச்சுங்க. கேமராத் தம்பி படம் எடுத்தாரு. எடுக்கிறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் மூஞ்சி கழுவி விடச் சொன்னாங்க, நான்தான் கழுவி விட்டேன்.

"யாரெல்லாம் விஞ்ஞானி ஆகப் போறீங்க? கை தூக்குங்க!"

எல்லாம் தூக்குச்சுங்க. ஒரு வாண்டு மட்டும், "நான் பஸ் ஓட்டப் போறேன் சார்"னுச்சு. அதையும் கையத் தூக்கச் சொல்லிப் படம் எடுத்தாங்க.

மூணாவது சனிக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவோட புள்ள எந்திரிச்சா. அதிகம் பேசாத புள்ள.

"சார், கொளவியப் பத்திப் படிக்கிற விஞ்ஞானி இருக்காங்களா? இந்தப் பெட்டியில?"

சார் பெட்டியக் கூடப் பார்க்கல. "கொளவிக்கு எதுக்கும்மா விஞ்ஞானி? ஒரு பந்தம் போதும்!"

எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சேர்ந்து சிரிச்சா, அதுதான் எனக்குத் தாங்கல. சிரிச்சுக்கிட்டே ஒக்காந்து பாவாட நுனியத் திருகிக்கிட்டு இருந்தா. நான் பால் போத்தல் கழுவிக்கிட்டு நின்னேன். வாயத் தொறக்கல. எட்டாம் வகுப்பு வாயி அப்படித்தான், சார்னு ஒரு ஆள் நின்னா ஒட்டிக்கும். அன்னைக்கு வேன் போனதும் அந்தப் புள்ள எங்கிட்ட வந்து கேட்டா, "அக்கா, மெய்யாவே யாரும் இல்லயா?"

எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். அப்புறம், தெரிஞ்சுக்கிட்டு வர்றேன்னு சொன்னேன்.

செவ்வாக்கிழமை லீவு போட்டுட்டு பஸ்ஸேறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த டாக்டர் மிஸ்ஸ எப்படிப் பார்க்கிறதுன்னு தெரியல. பல்லு வலின்னு சொல்லி நம்பர் எடுத்தேன். பல்லு டாக்டர்கிட்ட அனுப்பிட்டாங்க. அவரு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "பல்லு நல்லாத்தானே இருக்கு?"ன்னாரு. "ஆமா சார்"னு வந்துட்டேன். கடைசியில வார்டு வாசல்ல நின்னு, டாக்டர் மிஸ் டீ குடிக்கப் போறப்ப மறிச்சேன். என்னைய ஞாபகம் வச்சிருந்தாங்க.

"மிஸ், ரெண்டாவது கொட்டு கொல்லும்னு யாரு கண்டுபுடிச்சது?"

அவங்க என்னைய வெளிய பெஞ்சுல ஒக்கார வச்சுச் சொன்னாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடியே வெளிநாட்டுல ஒருத்தரு கண்டுபுடிச்சாராம். கடல்ல இருக்குற ஒரு பிராணியோட விஷத்தக் கொஞ்சமா நாய்ங்களுக்கு ஊசியில ஏத்தியிருக்காரு. சில நாய் தாங்கிக்கிச்சு. சில கிழமை கழிச்சு அதே நாய்க்கு முன்ன விடக் கொறச்சலா ஏத்தினாரு. கொஞ்ச நேரத்துலயே மூச்சுத் தெணறிச் செத்துப் போச்சாம்.

"அவரு என்ன நெனச்சு மிஸ் ரெண்டாவது தடவ போட்டாரு?"

"ஒடம்பு பழகியிருக்கும்னுதான் நெனச்சாரு. விஷம் ஒண்ணும் பண்ணாதுன்னு."

பெஞ்சப் புடிச்சுக்கிட்டேன். அவரும் எங்கள மாதிரியேதான் நெனச்சிருக்காரு. அவ்வளவு படிச்ச ஆளு, பழகிரும்னு நெனச்சிருக்காரு.

"பிழைன்னு தெரிஞ்சதும் என்ன பண்ணாரு?"

"திரும்பத் திரும்பப் பார்த்து உறுதி பண்ணிக்கிட்டு, தான் நெனச்சது பிழைன்னு எல்லாருக்கும் எழுதிட்டாரு. அத வச்சுத்தான் நாங்க இன்னைக்கு வைத்தியம் பண்றோம்."

இப்பவும் எத்தனையோ பேரு அதையேதான் படிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னாங்க. நம்ம நாட்டுலயே இருக்காங்களாம், பொம்பளைங்களும் இருக்காங்களாம். கொட்டு வாங்கின ஆளுங்களோட ரத்தத்த எடுத்து, யாருக்கு அடுத்த கொட்டு ஆபத்துன்னு முன்கூட்டியே கண்டுபுடிக்கப் பார்க்கிறாங்களாம். ரப்பர் வெட்டுற ஆளுங்க, கொழுந்து எடுக்குற ஆளுங்க, தேன் எடுக்குற ஆளுங்க, இவங்க ரத்தம்தான் அவங்களுக்குப் பாடம்.

"அவங்க படம் ஏன் மிஸ் அட்டையில வரல?"

"எந்த அட்டை?"

சொன்னேன். டாக்டர் மிஸ் சிரிச்சாங்க, ஆனா சந்தோஷமாச் சிரிக்கல. "அவங்க மூஞ்சி எனக்கே தெரியாது. அவங்க எழுதினத மட்டும்தான் படிச்சிருக்கேன்"னாங்க. அந்த நாய் ஆளோட பேரச் சொன்னாங்க. எனக்கு அது வாயில நொழையல, எழுதித் தரச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. போறப்ப, "கொட்டின எடம் மட்டும் வீங்கினா பயமில்ல. மேலெல்லாம் தடிக்கிறது, மூச்சு முட்டுறது, வாந்தி, மயக்கம், இது வந்த ஆளுங்கள மட்டும் அனுப்பி விடு. அந்த அக்காவ எப்படியாச்சும் கூட்டிட்டு வா"ன்னு சொன்னாங்க.

பஸ்ல வர்றப்ப எனக்கு அழுகை வரல, கோவம்தான் வந்துச்சு. நூறு வருஷம்! அந்த ஆளு கடலுக்கு அந்தப் பக்கத்துலருந்து எழுதி அனுப்பினது பதுளை ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துருச்சு. அங்கருந்து எங்க லயத்து வீடுங்களுக்குப் பஸ்ல ரெண்டு மணி நேரம் கூட இல்ல. அந்த ரெண்டு மணி நேரத்த யாராலயும் தாண்ட முடியலயா? எத்தன பேரு ஏறி வர்றாங்க எங்க தோட்டத்துக்கு! ஓட்டுக் கேட்டு வர்றாங்க, கோயிலுக்குக் காசு கேட்டு வர்றாங்க, தவணைக்குப் பாத்திரம் விக்க வர்றாங்க, வேன்ல விஞ்ஞானியவே ஏத்திக்கிட்டு வர்றாங்க. எங்கம்மாவுக்குத் தேவைப்பட்ட ஒரு வார்த்தைய மட்டும் ஒருத்தரும் கொண்டு வரல.

கடைசி வகுப்புல ஒத்திகை. டவுன்ல ஒரு மண்டபத்துல முடிவு விழாவாம், ஆளுக்கு ஒரு விஞ்ஞானியப் பத்தி மேடையில பேசணுமாம். அந்தப் புள்ளைக்கு ராக்கெட் விடுற ஆள குடுத்திருந்தாங்க. அவ எந்திரிச்சு, "சார், நான் நாய் விஞ்ஞானியப் பத்திப் பேசுறேன்"னா. நாங்க ரெண்டு பேரும் பிஸ்கட் பெட்டிய வெட்டி ஒரு அட்டை பண்ணியிருந்தோம். ஒரு பக்கம் நாயும் கொளவியும். நாய் கொஞ்சம் ஆடு மாதிரி இருந்துச்சு.

சார் வாங்கித் திருப்பிப் பார்த்தாரு. "பேரு எங்க?"

"தெரியாது சார்."

"எந்த நாடு? என்ன பரிசு?"

"அதுவும் தெரியாது. என்ன பண்ணாருன்னு தெரியும்."

"பேர் தெரியாத ஆள எப்படிம்மா மேடையில ஏத்துறது? யாரு சொல்லிக் குடுத்தது இதெல்லாம்?"

"நான்தான் சார்"னு சொன்னேன்.

என்னைய மேலயும் கீழயும் பார்த்தாரு. "நீங்க எத்தனாம் வகுப்பு வரைக்கும்?"

"எட்டு சார். எங்கம்மாவுக்கு அதுவும் இல்ல. கொளவி கொட்டிச் செத்துட்டாங்க. இந்த அட்டையில இருக்குறது அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா இன்னைக்கு உசுரோட இருப்பாங்க. ஒங்க பெட்டியில முப்பது ஆளுங்க பேரு இருக்கு சார். அத்தன பேரும் தெரிஞ்சாலும் எங்க மலையில ஒரு உசுரும் பொழைக்காது. அவங்க என்ன பண்ணாங்கன்னு சொல்லுங்க சார். எங்க பிழை விட்டாங்க, எப்படித் தெரிஞ்சுக்கிட்டாங்க, அதச் சொல்லுங்க. இந்தப் புள்ளைங்க கேட்டுச்சுங்கள்ல, பிழையாக் கண்டுபுடிச்சா யாரு ஏசுவாங்கன்னு? அதுக்குப் பதில் சொன்னீங்களா நீங்க?"

ஒரு கைப்புள்ள அழ ஆரம்பிச்சிருச்சு. அந்த மிஸ் மெதுவா, "சார், விடுங்க, பேசட்டுமே"ன்னாங்க. சாரு, "நிகழ்ச்சி நெரல் அடிச்சாச்சு"ன்னுட்டாரு. ஒரு வேள அவருக்கும் ரெண்டாவது கொட்டப் பத்தித் தெரியாம இருந்திருக்கும். அவரும் எங்கயோ நாலு வரி பாடமாக்கி வந்த ஆளாத்தான் இருப்பாரு. இது எனக்குப் பின்னாடி தோணுச்சு. தோணியும் கோவம் எறங்கல.

விழாவுக்கு அந்தப் புள்ள போயி ராக்கெட் ஆளப் பத்தியே பேசிட்டு வந்தா. பென்சில் பெட்டி குடுத்தாங்க. கொழுந்து நெறைய இருந்த நேரம், சனிக்கிழமையும் வேலை, ஒரு தாயும் விழாவுக்குப் போக முடியல. அங்க என்ன பேசியிருந்தாலும் அவ அம்மா காதுல விழுந்திருக்காது. அது எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வெளங்குச்சு.

"பெரட்டுக்குப் போவோமாக்கா?"ன்னு அவதான் கேட்டா.

திங்கக்கிழமை காலையில அவ பள்ளிக்கூடச் சட்டையோட, நான் ரெண்டு கைப்புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு, பெரட்டுக் களத்துக்குப் போயி நின்னோம். பொம்பளைங்க எல்லாம் நனையாம இருக்க இடுப்புல படங்கு சுத்திக்கிட்டு நிக்கிறாங்க. கங்காணியய்யா ஆள் பார்த்துக்கிட்டு இருக்காரு.

"என்னா புள்ள, நீயும் கொழுந்தெடுக்க வந்துட்டியா?"ன்னு ஒருத்தங்க கேட்டாங்க.

அவ அட்டையத் தூக்கிப் புடிச்சா. நாய், ஊசி, ரெண்டாவது ஊசி, செத்த நாயி. மூச்சு விடாமச் சொன்னா.

"அடியே, நாயும் நாமளும் ஒண்ணா?"

"எங்க வீட்டு நாய்க்கும் ஒண்ணு போடச் சொல்லு, கோழிய எல்லாம் கடிக்குது!"

"அது நாயா? நான் ஆடுன்னுல்ல நெனச்சேன்!"

ஒரே சிரிப்பு. அவ அம்மா வந்து மண்டையில ஒரு தட்டுத் தட்டினாங்க. "மானத்த வாங்காம பள்ளிக்கூடம் போ!" அவ நகரல. அந்தச் சார் கேட்ட மாதிரியே கேட்டா.

"கொளவி கொட்டினப்ப யாருக்கெல்லாம் மேலெல்லாம் தடிச்சுது, மூச்சு முட்டுச்சு? கை தூக்குங்க."

ஒருத்தங்க சிரிச்சுக்கிட்டே தூக்கினாங்க. பின்னாடிலருந்து இன்னொரு கை வந்துச்சு. அப்புறம் மூணாவது, ஒரு புள்ளத்தாச்சி. அதுக்கு மேல யாரும் சிரிக்கல. கங்காணியய்யா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. புதுசா மலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கெல்லாம், பழகிரும் போன்னு சொல்லி அனுப்புறது அவருதான்.

அக்கா கையத் தூக்கல.

"அம்மா, நீங்களும்தான். லொறியில வாந்தி எடுத்தீங்க. நான் பார்த்தேன்."

"வாய மூடு."

"பெரியம்மா மாதிரி நீங்களும் செத்துப் போனா நான் யார்கூட இருக்கிறது?"

அவ பெரியம்மான்னு சொன்னது எங்கம்மாவ. நான் கைப்புள்ளையத் தோளுல போட்டுக்கிட்டுத் திரும்பி நின்னுட்டேன். பின்னாடி கங்காணியய்யா சொல்றது மட்டும் கேட்டுச்சு. "போ, இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா. சின்னத் தொரைகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

கைப்புள்ளைங்கள கூட வேலை செய்றவங்ககிட்ட விட்டுட்டு நானும் கெளம்பினேன். பஸ்ல அக்கா வழி நெடுக என்னையத் திட்டிக்கிட்டே வந்தாங்க. ஒரு நாளு வேலை போச்சு, ஊரு சிரிச்சிருச்சு, புள்ளையக் கெடுத்துட்டேன், பாதியில படிப்ப விட்டவளுக்கு எதுக்கு டாக்டர் வேலைன்னு. நான் சன்னல் பக்கமா பார்த்துக்கிட்டு இருந்தேன். திட்டுறதுக்கு ஆள் உசுரோட இருக்கேன்னு இருந்துச்சு.

டாக்டர் மிஸ் கேட்கக் கேட்க அக்கா கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்தையும் சொன்னாங்க. கண்ணு இருட்டுனது, காது அடைச்சது, நாக்கு தடிச்சது. எனக்கே தெரியாதது கூட இருந்துச்சு. ரத்தம் எடுத்தாங்க. கூடு இருக்குற பக்கம் வேலை செய்யக் கூடாதுன்னு ஒரு துண்டு எழுதிக் குடுத்தாங்க. கொட்டினா டிஸ்பென்சரியில காத்துக்கிட்டு நிக்காம நேரா இங்க வரணும், ஊசி இங்க இருக்குன்னு மூணு தடவ சொன்னாங்க. அக்காவத் திருப்பிச் சொல்லச் சொல்லியும் கேட்டாங்க.

அடுத்த நாள் அந்தத் துண்டக் கொண்டு போயி, தோட்டத்து ஆபீசுல வேலை பிரிச்சு விடுற சின்னத் தொரைகிட்டக் குடுத்தோம். அவரு வாசிச்சுட்டு நெத்தியத் தடவினாரு.

"ஆளாளுக்கு இப்படித் துண்டு கொண்டு வந்தா மலைக்கு யாரு போறது?"

நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி அக்கா முந்திக்கிட்டாங்க. "கொளவிக்கே பேர் போட்டு வேலை குடுங்க சார். அதுதான் காலையிலருந்து அந்தி வரைக்கும் அங்கயே நிக்குது."

வெளிய நின்ன கங்காணியய்யா இருமுற மாதிரி சிரிச்சாரு. சின்னத் தொரைக்கும் சிரிப்பு வந்துருச்சு போல, குனிஞ்சுக்கிட்டாரு. இப்போதைக்குத் தேயிலக் கன்னு நர்சரியில போடுறேன்னாரு. இப்போதைக்குன்னா எத்தன நாளு சார்னு நான் கேட்டேன். அவரு துண்ட மடிச்சு மேச லாச்சிக்குள்ள போட்டுட்டாரு.

அக்கா இப்ப நர்சரியில ஒக்காந்து பையில மண்ணு நெரப்புறாங்க. முதுகு ஒடியுதுன்னு என்னையப் பார்க்கிறப்பெல்லாம் ஏசுறாங்க. கையத் தூக்கின மூணு பேரும் இன்னமும் அந்த மலைக்குத்தான் போறாங்க. புள்ளத்தாச்சிய வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.